ஷிப்ட் முடித்து பெங்களூரு சோல் கச்சேரிக்கு: ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கான வழிமுறை

சோல் கச்சேரிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதென்றால் டிக்கெட் காசு தண்டம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த இசை இது. பாடகர் ஓர் அடி விட, பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாட, கூட்டமும் சேர்ந்து பிடிக்க வேண்டும். நம் பக்கத்தில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வேஷக்காரர் பாட்டை பின்பாட்டுக்காரர் வாங்கி இழுக்கிற அதே முறைதான். கூட்டம் தூங்கி வழிந்தால் ஆட்டம் சப்பென்று போவதும் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் ‘எப்படியாவது போய்ச் சேர்ந்தால் போதும்’ என்று கிளம்பக் கூடாது. கச்சேரி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது, வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு, உடம்பில் கொஞ்சம் தெம்போடு உள்ளே நிற்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

எந்த நாள், எந்த இடம்

முதலில் மறுநாள் ஷிப்டைப் பாருங்கள். விடியற்காலை ஏ ஷிப்ட் இருந்தால் அந்தக் கச்சேரியை விட்டுவிடலாம். வீடு வந்து சேர இரவு ஒரு மணி ஆகிவிடும்; மூன்று மணி நேரத் தூக்கத்தோடு பிரஸ் மெஷின் முன்னால் நிற்பது விளையாட்டில்லை. மறுநாள் வார விடுமுறை அல்லது செகண்ட் ஷிப்ட் என்றால் தாராளமாகப் போகலாம்.

அடுத்தது, திறந்தவெளியா மூடிய அரங்கா என்று பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதனால் திறந்தவெளிக் கச்சேரி மாலையிலேயே தொடங்கிப் பெரும்பாலும் பத்து மணிக்குள் முடிந்துவிடும். கிளப், பார் மாதிரி மூடிய இடங்களில் ஒன்பது மணிக்குத்தான் முதல் பாட்டே வரும். முடிய நள்ளிரவை நெருங்கும். எல்லை தாண்டித் திரும்ப வேண்டிய நமக்குத் திறந்தவெளியோ ஆடிட்டோரியமோதான் தோது. கிளப் என்றால் கூட இரண்டு பேரும் திரும்ப ஒரு வண்டியும் உறுதியான பிறகு டிக்கெட் எடுங்கள்.

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90. அங்கிருந்து கிளம்புகிறவர்கள் ஐந்தரைக்கு வேலை முடித்து எட்டு மணிக்குள் சேர முடியாது, ஒரு மணி நேரமாவது பர்மிஷன் போட வேண்டும். தருமபுரியிலிருந்து என்றால் அரை நாள் லீவும் ஓசூரில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

டிக்கெட் எடுக்கும் முன்

போஸ்டரில் ‘சோல்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. இசைக்குழுவின் வீடியோ இரண்டு பார்த்து, மேடையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு நான்கு. டிரம்பெட், சாக்ஸபோன், டிராம்போன் என ஊதுபவர்கள் இரண்டு மூன்று பேர். பாடகர், பின்னணிக் குரல்கள். முழுக் குழு என்றால் எட்டிலிருந்து பத்துப் பேர். சின்ன கிளப்பில் ஐந்து பேரே வருவார்கள். ஊதுவாத்தியம் கீபோர்டிலிருந்து வரும். அது கொஞ்சம் பிளாஸ்டிக்காகத்தான் கேட்கும். இருந்தாலும் டிரம்மரும் பேஸ்காரரும் ஒட்டி வாசித்தால் போகலாம். பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டு ஒருவர் மட்டும் பாடுகிறார் என்றால் வேண்டாம். டிராக் யாருக்காகவும் நிற்காது, கூட்டத்துக்குப் பதில் சொல்லாது.

எந்தக் காலத்துச் சோல் என்பதும் முக்கியம். 1959இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன் நிறுவனத்தின் பாணி பளபளப்பானது. தாளத்தோடு கஞ்சிரா மாதிரியான டாம்பரின் குலுங்கும், கூடச் சேர்ந்து பாடச் சுலபம். மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் பாணி கரடுமுரடு; ஊதுவாத்தியமும் ஆர்கனும் முன்னால் நிற்கும். 1990களில் வந்த நியோ சோல் மெதுவானது. டிரம்மர் வேண்டுமென்றே தாளத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து வாசிப்பார். முதல் இரண்டுக்கும் கை தட்டலாம், ஆடலாம். மூன்றாவதில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பதே அழகு. முந்தைய வாரம் ஷிப்ட் பஸ்ஸில் போகும்போது ஓட்டிஸ் ரெட்டிங், அரிதா ஃபிராங்க்ளின், ஆல் கிரீன், மார்வின் கே ஆகியோரை ஆளுக்கு அரை மணி நேரம் கேட்டுவிடுங்கள். இங்கே வாசிக்கும் குழுக்கள் சொந்தப் பாட்டோடு இவர்கள் பாட்டையும் எடுப்பது வழக்கம்.

டிக்கெட்டில் கவனிக்க வேண்டியவை: ‘டோர்ஸ்’ என்று போட்ட நேரம் கதவு திறக்கும் நேரம்தான், பாட்டு அதற்கு ஒரு மணி நேரம் கழித்துக்கூட வரலாம். ‘கவர் சார்ஜ்’ என்றால் அந்தத் தொகையைச் சாப்பாட்டு பில்லில் கழிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் கழிப்பார்கள், சில இடங்களில் அது வெறும் நுழைவுக் கட்டணம். 21 வயது கேட்கும் இடங்கள் நிறைய. அடையாள அட்டை ஒரிஜினல் வேண்டும். கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லதுதான், ஆனால் சில ஆப்களில் கோடு மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. வாசலில் கூட்டம் சேர்ந்தால் நெட் படுத்துவிடும். தெருமுனையிலேயே ஆப்பைத் திறந்து டிக்கெட்டை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டிலிருந்து கேட் வரை

சேஃப்டி ஷூவோடு போகாதீர்கள். முனையில் இரும்புத் தகடு இருக்கும் ஷூ மெட்டல் டிடெக்டரில் கத்தும், மூன்று மணி நேரம் நின்றால் காலையும் கடித்துவிடும். மாற்றுச் சட்டையும் மெத்தென்ற ஷூவும் காலையிலேயே கொண்டு போய், யூனிஃபார்மையும் டிபன் பாக்ஸையும் கம்பெனி லாக்கரில் பூட்டிவிடுங்கள். கிளம்பும் முன் பாக்கெட்டைத் துழாவிப் பாருங்கள்: கட்டர் பிளேடு, ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், ஸ்க்ரூ டிரைவர். மெட்ரோ சோதனையிலும் கச்சேரி வாசலிலும் மாட்டுவது இவைதான். வாங்கி வைத்ததைத் திருப்பித் தருவார்கள் என்று நம்ப வேண்டாம்.

வழி: ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெங்களூரு பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவில் இறங்கி, மஞ்சள் தட மெட்ரோவைப் பிடிப்பதே நல்லது. 2025 ஆகஸ்டில் திறந்த தடம், ஆர்.வி. ரோடு வரை சுமார் 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். சில்க் போர்டு சிக்னலில் பஸ்ஸுக்குள் வெந்துகொண்டிருக்கும் நேரத்தை இது மிச்சப்படுத்தும். கோரமங்களா போகிறவர்கள் சில்க் போர்டு நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். எம்.ஜி. ரோடு, இந்திராநகர் என்றால் ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடம், மெஜஸ்டிக்கில் ஊதாத் தடம் என்று இரண்டு முறை மாற வேண்டும். பொம்மசந்திராவிலிருந்து இந்திராநகருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மெட்ரோ கார்டில் போக வரப் பணம் இருக்கட்டும். திரும்பும்போது கவுன்டர் வரிசையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் கடைசி ரயில் போய்விடும். கடைசி ரயில் நேரத்தை அன்றைக்குக் காலையிலேயே மெட்ரோ ஆப்பில் பார்த்து, தடம் மாறும் நிலையத்திலிருந்து எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறும் நிலையத்தில் ரயில் கிடைத்து, மாறும் நிலையத்தில் கிடைக்காமல் மாட்டுபவர்கள்தான் அதிகம்.

சாப்பாடு வழியிலேயே முடிய வேண்டும். இட்லி, தோசை மாதிரி அளவாக. பிரியாணி வேண்டாம், மூன்றாவது பாட்டிலேயே கண் சொருகும். தண்ணீர் பாட்டிலை உள்ளே விடுவது அரிது, அதனால் வெளியிலேயே அரை லிட்டர் குடித்துவிடுங்கள்.

எங்கே நிற்பது, காதுக்கு என்ன செய்வது

மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்துக்கு நடுவில் சவுண்ட் என்ஜினியரின் மிக்ஸர் மேசை இருக்கும். அவர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். ஆகவே அந்த மேசைக்குச் சற்று முன்னால் நிற்பதே உத்தமம். அதிலும் நட்டநடுக் கோட்டில் இருபுற ஸ்பீக்கரின் பேஸும் (அடி ஒலியும்) ஒன்றாகக் குவிந்து நெஞ்சை அடைக்கும். மூன்று நான்கு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் குரல் தெளியும். சுவர் மூலையில் பேஸ் கும்மென்று தேங்கும், அங்கே வேண்டாம். ஸ்பீக்கர் வாய்க்கு நேராக நின்றால் டிரம்பெட் காதைக் கிழிக்கும்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது வெறும் 15 நிமிடம்தான். கச்சேரி அதைவிடச் சத்தமாகவே இருக்கக்கூடும். பகலெல்லாம் பிரஸ் ஷாப்பில் நின்ற காது இன்னும் பாவம். கம்பெனியில் கொடுக்கும் ஸ்பாஞ்ச் இயர் பிளக் ஒரு ஜோடி புதிதாக எடுத்துப் போங்கள். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து நுழைத்து, விரிந்து உட்காரும் வரை 20, 30 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி நுழைத்துவிட்டு ‘ஒன்றும் கேட்கவில்லையே’ என்று சலித்துக்கொண்டு கழற்றுபவர்கள் நிறைய. ஸ்பாஞ்ச் மேல்ஸ்தாயி ஒலியை அதிகம் விழுங்கும் என்பது உண்மை. அடிக்கடி போகிறவர்கள் வடிகட்டி வைத்த இசைக்கான பிளக் வாங்கிக்கொள்ளலாம். குழந்தையைக் கூட்டிப் போனால் காதை மூடும் ஹெட்போன் மாதிரி மஃப் கட்டாயம்.

கைதட்டு

நம்மவர்கள் தவறுவது இங்கேதான். ஆதி தாளம், பஜனை பழகிய கை முதல் தட்டில் போய் விழும். சோலில் நான்கு எண்ணினால் தட்டு விழ வேண்டியது இரண்டிலும் நான்கிலும். ஒன்றிலும் மூன்றிலும் கூட்டம் தட்ட ஆரம்பித்தால் பாட்டு அணிவகுப்பு மாதிரி விறைத்துப்போகும்.

பழகும் முறை: நின்றபடி ஒன்று, மூன்றுக்கு வலது காலைத் தரையில் தட்டுங்கள், இரண்டு, நான்குக்குக் கை. பஸ் ஸ்டாப்பில் ஐந்து நிமிடம் செய்தால் போதும். கச்சேரியில் குழம்பினால் டிரம்மரின் இடது கையைப் பாருங்கள். வலது கைக்காரராக இருந்தால் அந்தக் கைதான் ஸ்நேர் என்ற டிரம் மேல் விழும், அதோடு சேர்ந்து தட்டினால் சரியாகிவிடும். மெதுவான காதல் பாட்டுகளில் ஒவ்வோர் எண்ணும் மூன்றாகப் பிரியும். தகிட தகிட தகிட தகிட என்று சொல்லிக்கொண்டு, இரண்டாவது, நான்காவது தகிடவின் ‘த’வில் மென்மையாகத் தட்டுங்கள். பாட்டு முழுக்க, குழுவைவிட வேகமாக ஓடாமல் இருப்பது முக்கியம். கூட்டத்தின் கை எப்போதும் முந்தத்தான் பார்க்கும்.

பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினால் கூச்சப்படாமல் குரல் கொடுங்கள். ஆங்கில வரி தெரியாவிட்டால் ‘யே’ போதும். அதே நேரம் குரல் தாழ்ந்து, வாத்தியம் எல்லாம் அடங்கி, பாடகர் பேசுவது மாதிரி பாடும் கட்டம் வரும். அப்போது வீடியோ எடுக்கிற கையையும் இறக்கிவிட்டு அமைதியாக இருங்கள்.

முடிந்தது என்று நினைத்து வாசலுக்கு ஓட வேண்டாம். முடிப்பது மாதிரி காட்டித் திரும்ப எடுப்பது இந்த இசையின் பழைய விளையாட்டு. சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் மேடையில் மண்டியிட்டுச் சரிவார், ஒருவர் வந்து தோளில் அங்கி போர்த்தி அழைத்துப் போவார், நாலடி போனதும் உதறிவிட்டு மறுபடி மைக்குக்கு வருவார். கடைசி ரயிலுக்குக் கிளம்பும் கணக்கில் இதற்கும் பதினைந்து நிமிடம் கூட்டி வையுங்கள்.

திரும்புவது

மெட்ரோ கிடைத்தால் பொம்மசந்திரா, அங்கிருந்து பஸ். கிடைக்காவிட்டால் சேலம், கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸுக்கு சில்க் போர்டில் நில்லுங்கள். நடுவில் கூட்லு கேட், ஓசா ரோடு பக்கம் நிற்காதீர்கள். மேம்பாலத்தில் ஏறிப் போகும் பஸ் கீழே வராது. ஆம்னி பஸ்ஸில் ஏறும் முன் கிருஷ்ணகிரியில் எங்கே இறக்கிவிடுவார்கள் என்று கேளுங்கள். பைபாஸில் இறக்கினால் நடுராத்திரியில் ஊருக்குள் போக வண்டி இருக்காது. வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போகும் கூட்டத்தில் சீட் கிடைப்பது கஷ்டம். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்டுவதாக முதலிலேயே சொல்லி வெளியூர் சவாரியாகப் பதிவு செய்யுங்கள். உள்ளூர் சவாரி போட்டால் அத்திப்பள்ளியோடு இறங்கச் சொல்லிவிடுவார்கள். பெண்கள் தனியாக வந்தால் லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுவது நல்லது.

சொந்தக் கார் என்றால் ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது, ஒரு பீர்கூட. சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. குடிக்காதவருக்கும் எதிரி தூக்கம். ஓசூர் தாண்டி சூளகிரி, குருபரப்பள்ளி வழியில் விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் லாரிகள் இருக்கும். கொட்டாவி தொடர்ந்து வந்தால், கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில்லை என்றால், வெளிச்சமான ஹோட்டலில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரமும் நீங்கள் எழும் நேரமும் ஒன்றாக இருக்கும். ஜன்னலைத் திறந்துவிடுவது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது எதுவும் தூக்கத்தை நிறுத்தாது.

மறுநாள் காதில் ‘ஙொய்’ என்று இருந்தால் அன்றைக்கு இயர்போனைத் தொடாமல், வேலையிடத்தில் பிளக் போட்டே இருங்கள். ஒரு நாள் கடந்தும் அடங்கவில்லை, அல்லது ஒரு காது மந்தமாகக் கேட்கிறது என்றால் தள்ளிப்போடாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.