பதின்வயதினரின் பல் பராமரிப்பு நம்பிக்கைகளை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பல் துலக்குவது முக்கியம் என்று நினைக்கிறாயா?” என்று 14 வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஆம்’ என்றுதான் சொல்லும். ஒரு வகுப்பையே நிறுத்திக் கேட்டாலும் அதே பதில்தான். அதில் யார் இரவில் துலக்கிவிட்டுப் படுக்கிறார்கள், யார் அப்படியே தூங்கிவிடுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது. எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் போடும் கேள்வி எதையும் அளக்கவில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட கேள்விகளையே அடுக்கி வைத்துவிட்டு, ‘மாணவர்களின் நம்பிக்கை நிலை மிக நன்று’ என்று முடிவு எழுதுகிற ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை.

அறிவையும் பழக்கத்தையும் நம்பிக்கை என்று எண்ணிக்கொள்வது

“இனிப்பு அடிக்கடி சாப்பிட்டால் பல் சொத்தையாகும்: சரியா, தவறா?” இது அறிவைச் சோதிக்கும் கேள்வி. இதற்குச் சரியான விடை ஒன்று உண்டு. “ஒரு நாளைக்கு எத்தனை முறை துலக்குகிறாய்?” என்பது பழக்கம். “நான் சாப்பிடுகிற இனிப்புக்கு என் பல் சொத்தையாகிவிடும்” என்பதை ஒருவர் எவ்வளவு ஏற்கிறார் என்று கேட்டால்தான் அது நம்பிக்கை. அதற்குச் சரி, தவறு கிடையாது. இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் கலந்து, கூட்டி, ஒரு மொத்த மதிப்பெண் போட்டுவிட்டால், பிறகு அந்த எண் ஏறினாலும் இறங்கினாலும் எது மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

நம்பிக்கையே கூட ஒற்றைப் பொருள் அல்ல. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையைச் சேர்ந்த சமூக உளவியலாளர்கள், காசநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே பரிசோதனைக்கு மக்கள் ஏன் வருவதில்லை என்று ஆராயப் போய் உருவானதுதான் ‘உடல்நல நம்பிக்கை மாதிரி’. எனக்கு இந்த நோய் வருமா, வந்தால் எவ்வளவு மோசம், தடுத்துக்கொள்வதால் பயன் உண்டா, அதற்கு என்ன இடைஞ்சல் என்று அது தனித்தனியாகக் கேட்கிறது. ‘என்னால் முடியும்’ என்ற தன்னம்பிக்கை 1988இல் இதனுடன் சேர்க்கப்பட்டது. ‘எனக்குச் சொத்தை வரவே வராது’ என்று நினைக்கும் பையனும், ‘வரும்தான், ஆனால் ஃப்ளாஸ் பண்ணுவது (நூலால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது) பெரிய தொல்லை’ என்று நினைக்கும் பெண்ணும் மொத்த மதிப்பெண்ணில் ஒரே இடத்தில் வந்து நிற்கலாம். இருவருக்கும் சொல்ல வேண்டியது வேறு வேறு. ஒவ்வொரு பகுதிக்கும் தனி மதிப்பெண் போடுங்கள்.

இந்த இடத்தில் சிலர் “குரோன்பாக் ஆல்ஃபா 0.9 வந்திருக்கிறதே” என்பார்கள். ஒரு பட்டியலில் உள்ள கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அது; 1ஐ நெருங்க நெருங்க ஒத்துப்போவது அதிகம். ஒரே கேள்வியை நாலு விதமாகத் திருப்பிக் கேட்டாலும் ஆல்ஃபா ஏறும், கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் ஏறும். அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

‘உனக்குச் சொத்தை வருமா?’ என்று மொட்டையாகக் கேட்பது

என் பார்வையில் இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான். வெளியே தெரியாது, ஆனால் முடிவையே தலைகீழாக்கிவிடும்.

“உனக்குப் பல் சொத்தை வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?” என்று கேட்கிறோம். ஒரு பிள்ளை ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டுக் காலையும் இரவும் ஒழுங்காகத் துலக்குகிறது. ‘குறைவு’ என்று குறிக்கிறது. அது நியாயமான பதில். பக்கத்தில் இருப்பவன் இரவில் துலக்குவதே இல்லை. இதுவரை வலி வந்ததில்லை என்பதால் அவனும் ‘குறைவு’ என்றே குறிக்கிறான். மூன்றாவது பிள்ளைக்கு ஏற்கெனவே பல் அடைத்திருக்கிறார்கள். அது ‘அதிகம்’ என்கிறது. முதல் இருவரும் ஒரே பதிலைத் தந்திருக்கிறார்கள், ஆனால் அதற்கான காரணங்கள் எதிரெதிரானவை.

இதை அப்படியே கணினியில் ஏற்றினால், ‘ஆபத்து குறைவு என்று நினைப்பவர்களே நன்றாகத் துலக்குகிறார்கள்’ என்றுகூட முடிவு வரலாம். அப்புறம் அதற்கு விளக்கம் சொல்ல ஆய்வாளர் இரண்டு பக்கம் சுற்றி வளைக்க வேண்டியிருக்கும். உண்மையில் அந்தப் பிள்ளைகள் தங்கள் பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்கள். அவ்வளவுதான்.

இதற்கு வழி, கேள்வியில் ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது. “அடுத்த ஒரு வருடம் இரவில் பல் துலக்காமலே தூங்கினால், எனக்குச் சொத்தை வர எவ்வளவு வாய்ப்பு?” என்று ஒன்று. “அடுத்த ஒரு வருடம் தினமும் இரவில் துலக்கினால்?” என்று இன்னொன்று. இரண்டு பதில்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். துலக்குவதால் தன் வாயில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று அந்தப் பிள்ளை நம்புகிறது என்பது அங்கேதான் இருக்கிறது. கூடவே, முன்பு பல் வலி வந்ததா, பல் அடைத்ததா என்றும் கேட்டு வையுங்கள். அந்த அனுபவம் பதிலை நிறையவே மாற்றும்.

பெரியவர்களின் கவலையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது

‘50 வயதில் பல்லெல்லாம் கொட்டிவிடும்’ என்பது கேள்வி எழுதுகிறவரின் பயம். 15 வயதில் அது யாருக்கும் உறைக்காது. வாய் நாறுமோ, சிரித்தால் மஞ்சளாகத் தெரியுமோ, போட்டோவில் கோணல் பல் விழுமோ என்பதுதான் அந்த வயதின் கவலை. பின்விளைவுகள் பற்றிய கேள்விகளில் இவை இல்லையென்றால், ‘பதின்வயதினர் பல் நோயைப் பெரிதாக எண்ணுவதில்லை’ என்று எழுத வேண்டிவரும். எதைப் பெரிதாக எண்ணுகிறார்களோ அதைக் கேட்கவே இல்லையே!

இடைஞ்சல்களும் அப்படித்தான். ‘நேரமில்லை’, ‘ஆர்வமில்லை’ என்று நாமே எழுதி வைக்கிறோம். பேசிப் பார்த்தால் வேறு வருகிறது: ‘போன் பார்த்துக்கொண்டே படுக்கையில் தூங்கிவிடுகிறேன்’, ‘கிளிப் போட்டிருக்கிறேன், பிரஷ் உள்ளே போக மாட்டேன் என்கிறது’, ‘பேஸ்ட் எரிகிறது’. அதனால் கேள்வி எழுதுவதற்கு முன்பே சில பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசி, அவர்கள் வாயிலிருந்து வருவதைக் கேள்விகளாக்குங்கள். எழுதி முடித்த பிறகு இன்னொரு சிலரிடம் படிக்கக் கொடுத்து, ‘இதைப் படித்ததும் என்ன தோன்றியது, சத்தமாகச் சொல்’ என்று கேளுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே திருத்தம் கேட்கும்.

இன்னொன்று: ‘ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் போவேன்’ என்பதற்கு வரும் பதில் பெரும்பாலும் பெற்றோரைப் பற்றியது. பணம் கொடுப்பதும் அழைத்துப்போவதும் அவர்கள்தான். பிள்ளையின் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துக் கேட்பது நல்லது.

‘என்னால் முடியும்’ என்பதை ஒரே கேள்வியில் முடிப்பது

இந்தத் தன்னம்பிக்கையைப் பற்றி அதிகம் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, ‘செய்வேன்’ என்று கேட்காமல் ‘செய்ய முடியும்’ என்று கேட்கச் சொல்கிறார். முதலாவது எண்ணம், இரண்டாவது தன் திறன் மீதான நம்பிக்கை. சூழ்நிலையையும் படிப்படியாகக் கடினமாக்க வேண்டும் என்கிறார். ‘வழக்கமான நாளில் இரவு துலக்க முடியும்’ என்பதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘நள்ளிரவு வரை படித்துக் களைத்த அன்றும்’, ‘நண்பர் வீட்டில் தங்கும்போதும்’, ‘யாரும் நினைவூட்டாத நாளிலும்’ என்று கேட்டு, 0 முதல் 10 வரை குறிக்கச் சொன்னால்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

வாக்கியக் குளறுபடிகள்

‘தினமும் துலக்குவதும் ஃப்ளாஸ் செய்வதும் அவசியம்.’ முதலாவதை ஏற்று இரண்டாவதை ஏற்காதவர் எங்கே குறிப்பார்? பிரித்துவிடுங்கள். ‘இரவில் துலக்காமல் இருப்பதில் தவறில்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘ஏற்கவில்லை’ என்ற கட்டத்தை வைத்தால், வேகமாகப் படிக்கிற பிள்ளை எதிர்ப்பதமாகக் குறித்துவிட்டுப் போய்விடும். எதிர்மறை வேண்டுமென்றால் ‘இரவில் துலக்குவது வீண் வேலை’ என்று நேராக எழுதலாம்.

யார் கேட்கிறார், எங்கே கேட்கிறார் என்பதை மறப்பது

வகுப்பாசிரியர் வரிசைக்கு நடுவே நடந்துகொண்டிருக்கும்போதோ, வெள்ளைக் கோட்டுப் போட்டவர் பக்கத்தில் நிற்கும்போதோ யாரும் ‘துலக்குவது வீண்’ என்று குறிக்க மாட்டார்கள். தாளில் பெயர் வேண்டாம். மறுபடி அதே பிள்ளையிடம் கேட்க வேண்டுமென்றால் குறியீட்டு எண் போதும். முடித்ததும் அவர்களே உறையில் போட்டு ஒட்டட்டும். ‘பலர் சில நாட்களில் துலக்காமல் தூங்கிவிடுகிறார்கள்’ என்று முன்னால் ஒரு வரி சேர்த்தால் ஒப்புக்கொள்வது கொஞ்சம் எளிதாகும்.

பல்லைப் பார்த்துச் சரிபார்க்கும்போது

சொன்னதை வாயில் பார்த்து உறுதி செய்வது நல்ல எண்ணம்தான். ஆனால் பல்லில் படியும் பிளேக்கை மட்டும் அளந்தால், அது அன்று காலைத் துலக்கலைத்தான் காட்டும். பரிசோதனை என்று தெரிந்தால் அன்று எல்லாரும் தேய்த்துத் தேய்த்துத் துலக்கிவிட்டு வருவார்கள். ஈறு அப்படி ஏமாற்றாது. ஆரோக்கியமான ஈறு உள்ளவர்கள் துலக்குவதை அடியோடு நிறுத்தினால் 10 முதல் 21 நாட்களுக்குள் ஈறு வீங்கும், மறுபடி துலக்கினால் சரியாகும் என்று ஹரால்ட் லோவும் குழுவினரும் 1965இல் காட்டினார்கள். அதனால் ஈறில் இரத்தம் கசிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் கூத்தில் அது மறையாது.

ஒரே முறை அளந்துவிட்டு முடிப்பது

விழிப்புணர்வு வகுப்பு முடிந்த கையோடு கேள்வித்தாளைக் கொடுத்தால் எல்லாம் உயர்ந்துதான் இருக்கும். சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள். சில மாதம் கழித்தும் கேளுங்கள், வகுப்பே நடக்காத ஒரு குழுவிடமும் கேளுங்கள்.

நியூசிலாந்தின் டனீடினில் 1972–73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், பல் நலம் பற்றிய நம்பிக்கைகளை 15, 18, 26 வயதுகளில் கேட்டார்கள். 2006இல் வெளியான முடிவுகளின்படி, பலருடைய நம்பிக்கைகள் இந்த வயதுகளுக்கு இடையே மாறியிருந்தன. மூன்று முறையும் சாதகமாகவே சொன்னவர்களுக்கு 26 வயதில் வாய் நலம் மேலாக இருந்தது. 15 வயதில் ஒருமுறை எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை ‘நல்ல நம்பிக்கை உள்ளவர்’ பட்டியலில் நிரந்தரமாகப் போட்டுவிடாதீர்கள்.