இணையவழி மனநல ஆலோசனையில் சொல்லாமல் விடக்கூடாதவை

ஆலோசனை அறைக்குள் ஒருவர் நுழையும்போதே ஆலோசகர் பலவற்றைக் கவனித்துவிடுகிறார்: நடையின் தளர்ச்சி, விரல்களின் நடுக்கம், நாற்காலியின் விளிம்பில் அமரும் பதற்றம். இணையவழி அமர்விலோ அவருக்குத் தெரிவது பெரும்பாலும் முகமும் தோள்களும் மட்டுமே. திரைக்கு வெளியே இருப்பதை நாமேதான் சொல்லாக்கி அவரிடம் சேர்க்க வேண்டும். இதை உணராமல் பேசத் தொடங்குவதால்தான் பலருக்கு இந்த ஆலோசனை பாதியில் பயனற்றுப் போகிறது என்று நான் கருதுகிறேன்.

தவறு பெரும்பாலும் முதல் அமர்வுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. வேலை மாற்றம், மணமுறிவு, பணி ஓய்வு, பெற்றோரின் மறைவு எல்லாம் யாருக்கும் நேர்பவைதானே, இதற்கெல்லாமா ஆலோசனை என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற மனநல மருத்துவர்கள் வெளியிட்ட வாழ்க்கை மாற்ற அளவுகோலில் 43 நிகழ்வுகள் இடம்பெற்றன. வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73 என்று மதிப்பெண் இட்டவர்கள், மகிழ்ச்சியான நிகழ்வாகிய திருமணத்துக்கும் 50 கொடுத்திருந்தார்கள். நல்ல மாற்றத்துக்குப் பழகிக்கொள்ளவும் மனம் உழைக்க வேண்டியிருக்கிறது. பதவி உயர்வு கிடைத்த பின் உறக்கம் கெட்டுப்போனவர் அதைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. அதே சமயம், இந்த எண்களை வைத்துத் தம் துயரத்தை இன்னொருவருடையதோடு ஒப்பிட்டுச் சிறிதாக்கிக்கொள்வதும் சரியன்று. அவை பலர் அளித்த மதிப்பீடுகளின் சராசரியே தவிர, உங்கள் இழப்பின் எடை அல்ல.

ஆலோசகரின் கல்வித்தகுதியையும் உரிமத்தையும் சரிபார்க்காமல் சேர்வது அடுத்த தவறு. தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளும் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். மருந்து தேவைப்படும் நிலையில் மனநல மருத்துவரையே அணுக வேண்டியிருக்கும். தனியுரிமைக் கொள்கையைப் படிக்காமல் ஒப்புதல் தருவதும் இதோடு சேர்ந்ததே. 2023இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், பயனர்களின் நலத்தகவல்களை விளம்பரத்துக்காகப் பிற நிறுவனங்களுடன் பகிர்ந்த ஓர் இணைய ஆலோசனை நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது.

பேசும் இடத்தைப் பொருட்படுத்தாமல் விடுவதும் உண்டு. அடுத்த அறையில் யாரோ இருக்கும்போது, எந்தக் கேள்விக்கும் "பரவாயில்லை", "சமாளிக்கிறேன்" என்றுதான் பதில் வரும். ஆலோசகர் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளக்கூடும். ஹெட்போன் உங்கள் காதில் விழுவதை மறைக்குமே அன்றி, நீங்கள் பேசுவதை மறைக்காது. தனிமை கிடைக்காத நாளில் அதை முதலிலேயே சொல்லிவிட்டு, தட்டச்சு செய்து உரையாடலாமா, வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று கேட்பது நல்லது. திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது பலருக்குக் கவனத்தைச் சிதறடிக்கும். அந்தச் சட்டகத்தை மறைத்துவைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தருவது, மனக்குறையைச் சொல்லாமலே விலகிவிடுவதுதான். ஆலோசகரின் ஒரு சொல் புண்படுத்தியிருக்கலாம். அவர் தரும் பயிற்சிகள் பொருளற்றவையாகத் தோன்றலாம். பேச்சு ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி வரலாம். நேரில் என்றால் எழுந்து போகத் தயக்கம் இருக்கும், இணையத்திலோ அடுத்த அமர்வை ரத்து செய்ய ஒரு விரல் அசைவு போதும். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல், ஆலோசனை உறவு மூன்றைச் சார்ந்தது என்று விளக்கினார்: இலக்கில் உடன்பாடு, அதை அடையச் செய்யும் வேலைகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. இவற்றில் எது இற்றுப்போயிருக்கிறது என்பதை ஆலோசகரிடமே சொல்லிப் பார்க்கலாம். "போன முறை நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது" என்று ஒருவர் சொல்லிவிடும் அமர்வே பல வேளைகளில் உண்மையான வேலை தொடங்கும் அமர்வாகிறது. சொல்லியும் மாற்றமில்லை என்றால் வேறொருவரைத் தேடுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

உட்கொள்ளும் மருந்துகளையும், உறக்கத்துக்காகத் தொடங்கிய மதுப்பழக்கத்தையும் மறைப்பவர்கள் உண்டு. இருக்கும் இடத்தையே மறைப்பவர்களும் உண்டு. அதில்தான் ஆபத்து அதிகம். பல நாடுகளில் ஆலோசகரின் உரிமம் குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், இடம் பெயரப் போகிறவர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே அவசர உதவியையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ நாட வேண்டும். அமர்வின் நடுவே அப்படியொரு நிலை வந்தாலோ, முகவரியும் நெருங்கியவர் ஒருவரின் தொலைபேசி எண்ணும் கையில் இருந்தால்தான் ஆலோசகரால் உங்களிடம் ஆளை அனுப்ப முடியும். அமர்வின் தொடக்கத்தில் "இப்போது எங்கிருந்து பேசுகிறீர்கள்?" என்று அவர் கேட்பது இதற்காகவே, அந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல வேண்டாம்.