வண்டி கைமாறினால் பெயரும் மாற வேண்டும்: சாலை வரியிலும் உரிமை மாற்றத்திலும் நேரும் தவறுகள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஒரு மோட்டார் சைக்கிளோ பழைய காரோ கைமாறுவது பெரும்பாலும் பழக்கத்தையும் நம்பிக்கையையும் வைத்தே நடக்கிறது. பணத்தைக் கொடுத்துச் சாவியையும் கிராண்ட் எனப்படும் வண்டிப் பதிவுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டவர் வண்டி தம்முடையதாகிவிட்டது என்று எண்ணுகிறார். விற்றவரோ தமக்கும் அந்த வண்டிக்கும் இனித் தொடர்பில்லை என்று நிம்மதி அடைகிறார். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் பதிவேட்டில் பெயர் மாறாதவரை இருவர் எண்ணமும் தவறு.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதற்கு, ஈப்போவிலுள்ள ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பது ஒரு காரணம். வேறு மாநில வண்டியை வாங்கினால் பேராக்கில் புதிதாக வரி கட்ட வேண்டியிருக்கும் என்ற அச்சம் மற்றொரு காரணம். இந்த அச்சத்திற்கு அடிப்படையே இல்லை. மலேசியாவில் சாலை வரியை விதிப்பது கூட்டரசு. மாநில அரசு அன்று. எண் பட்டையில் ஜொகூரின் ஜே இருந்தாலும் கெடாவின் கே இருந்தாலும், தீபகற்பத்திற்குள் விகிதம் ஒன்றுதான். எண்ணை மாற்றவும் தேவையில்லை. சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு விகிதங்கள் உண்டு. தீர்வையற்ற தீவான லங்காவியில் வரியின்றிப் பதிவான கார் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுங்கத் துறையின் அனுமதி இல்லாமல் அதைப் பெருநிலத்திற்குக் கொண்டுவர முடியாது.

விலையை மட்டும் பார்த்து, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. தீபகற்பத்தில் தனியார் பெயரிலுள்ள சலூன் கார்களுக்கு 1,000 சிசி வரை 20 ரிங்கிட். 1,201 முதல் 1,400 சிசி வரை 70 ரிங்கிட். 1,401 முதல் 1,600 சிசி வரை 90 ரிங்கிட். அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் தனியாகக் கணக்கிடுவதால் வரி வேகமாக ஏறும். 1,998 சிசி காருக்கு அடிப்படைத் தொகையான 280 ரிங்கிட்டோடு 1,800க்கு மேற்பட்ட 198 சிசிக்கு ஐம்பது சென் வீதம் சேர்ந்து 379 ரிங்கிட் ஆகும். 2,494 சிசி காருக்கு 874 ரிங்கிட். கார் பழையதாகிவிட்டது என்பதற்காக இந்தத் தொகை குறைவதில்லை. சில ஆயிரம் ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறதே என்று பெரிய இயந்திரமுள்ள பழைய காரை வாங்குபவர், ஆண்டுதோறும் செலுத்த வேண்டியதை முதலிலேயே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு வேறு அட்டவணை உண்டு. 150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு வரி வெறும் 2 ரிங்கிட். அவ்வளவு சிறிய தொகைக்காகக் கூடப் பலர் காலாவதியான வரியோடு ஓட்டுவது எனக்கு வருத்தமளிக்கிறது, ஏனெனில் அவர்கள் உண்மையில் இழப்பது காப்புறுதியை. காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது என்பதால், வரி இல்லாத மோட்டாருக்குப் பெரும்பாலும் காப்புறுதியும் இருப்பதில்லை.

காப்புறுதி வண்டியோடு சேர்ந்து வருவதும் இல்லை. வாங்குபவர் தம் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். இழப்பீடு கோராததற்காகக் கிடைக்கும் கழிவு, காரைப் பொறுத்தவரை 55 விழுக்காடு வரை உயரக்கூடியது, விற்றவருக்கே உரியது. அவர் அதைத் தம் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம். 55 விழுக்காட்டுக் கழிவோடு கார் வருகிறது என்று விற்பவர் சொன்னால் அதை நம்பி விலை பேசக் கூடாது.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, பிறர் எடுத்த வங்கிக் கடனைத் தாம் மாதந்தோறும் கட்டிக்கொண்டு காரை ஓட்டும் “சம்போங் பாயார்” முறையாகும். கடன் தீரும்வரை வங்கியின் உரிமை பதிவில் இருக்கும்; அதன் இசைவின்றிக் காரைக் கைமாற்றுவது தவணைமுறைக் கொள்முதலுக்கான 1967ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முரணானது. ஓட்டுபவர் தவணையை நிறுத்தினால் வங்கி தேடி வருவது கடன் எடுத்தவரைத்தான். போக்குவரத்துக் குற்றங்களுக்கான சம்மன்களும் அவர் பெயருக்கே வரும். அவை சேர்ந்து அவர் பெயர் ஜே.பி.ஜே.யின் கறுப்புப் பட்டியலில் ஏறினால், அவருடைய வேறு வண்டியின் சாலை வரியைக் கூடப் புதுப்பிக்க முடியாமல் போகலாம்.

தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆன பின்பும் அவர் பெயரிலேயே வண்டியை ஓட்டும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் குறைவல்ல. உரிமை மாற்றத்திற்கு விற்பவரும் வாங்குபவரும் கைரேகை பதிக்க வேண்டியிருப்பதால், பிறகு அந்த வண்டியை விற்க நினைக்கும்போதுதான் சிக்கல் புரிகிறது. உயில் எழுதாமல் இறந்தவர் விட்டுச்சென்றவை அசையும் சொத்துகள் மட்டுமாகவும் அவற்றின் மொத்த மதிப்பு 600,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் இருந்தால் அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவை நாடலாம். வீடோ நிலமோ சேர்ந்திருந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்படி நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மரணச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் இதைத் தொடங்குவது நல்லது. வாரிசுகளில் ஒருவர் வெளியூர் போய்விட்டால் கையொப்பம் வாங்குவதே பெரும்பாடாகிவிடும்.

பழைய காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நிலுவைச் சம்மன் இருக்கிறதா, வங்கிக் கடன் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பின்னர் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில், உரிமை மாற்றத்திற்கான பி5 பரிசோதனையைச் செய்ய வேண்டும். இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் கிராண்டிலுள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்பது அங்கே தெரிந்துவிடும். முழுப் பணத்தையும், இருவரும் ஒன்றாக ஜே.பி.ஜே. முகப்பிடத்திற்குச் சென்று கைரேகை பதிக்கும் நாளில் கொடுப்பதே பாதுகாப்பானது.