‘எடிட்’ கொடுத்தால் பெயிண்ட்தான் வருகிறதா? மாற்றும் வழி

ஜேபிஜி படங்களுக்கு ஜிம்ப் என்ற படம் திருத்தும் புரோகிராமை விண்டோஸில் செட் செய்துவிட்டீர்கள். டபுள் கிளிக் செய்தால் ஜிம்ப்தான் திறக்கிறது. ஆனால் ரைட் கிளிக் செய்து ‘எடிட்’ கொடுத்தால் மறுபடி பெயிண்ட் வந்து நிற்கிறது. நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. விண்டோஸுக்குத் திறப்பது வேறு, திருத்துவது வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகப் புரோகிராமைக் குறித்து வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் நாம் மாற்றுவது முதலாவதை மட்டும்தான்.

திறப்பதற்கு

இது சுலபம். ஃபைல் மேல் ரைட் கிளிக், ‘ஓப்பன் வித்’, அதில் ‘சூஸ் அனதர் ஆப்’. புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் 11-இல் ‘ஆல்வேஸ்’ பட்டனை அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் கீழே உள்ள ‘ஆல்வேஸ்’ கட்டத்தில் டிக் செய்துவிட்டு ஓகே கொடுங்கள். ஜேபிஜிக்கு மாற்றினால் பிஎன்ஜி மாறாது. ஒவ்வொரு வகைக்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

திருத்துவதற்கு

விண்டோஸ் 10-இல் இதற்கு செட்டிங்ஸில் இடமே இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும். (விண்டோஸ் 11 மெனுவில் வரும் ‘எடிட் வித் பெயிண்ட்’ போன்றவற்றை அந்தந்த ஆப்களே சேர்க்கின்றன. இந்த வழியில் அவை மாறாது. அங்கே ‘ஓப்பன் வித்’தையே பயன்படுத்துங்கள்.)

1. முதலில் ஜிம்ப் எங்கே இருக்கிறது என்று பிடிக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ஜிம்ப் மேல் ரைட் கிளிக், ‘மோர்’, ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’. அங்கே தெரிவது ஷார்ட்கட்தான். அதன் மேலும் அதையே ஒருமுறை செய்தால் அசல் ஃபைல் வரும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு அதை ரைட் கிளிக் செய்து ‘காப்பி ஆஸ் பாத்’ கொடுங்கள். முழு முகவரியும் மேற்கோள் குறியோடு காப்பி ஆகிவிடும்.

2. விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, ரெஜ்எடிட் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர். அனுமதி கேட்டால் ‘யெஸ்’.

3. இடப்பக்கம் ‘ஹெச்கீ கிளாசஸ் ரூட்’டை விரியுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்களாக நீண்டுகொண்டே போகும், மிரள வேண்டாம். ‘சிஸ்டம்ஃபைல்’ என்று ஆங்கிலத்தில் வேகமாக டைப் செய்தால் அந்த இடத்துக்குத் தாவிவிடும். ‘சிஸ்டம்ஃபைல்அசோசியேஷன்ஸ்’, அதற்குள் ‘இமேஜ்’, ‘ஷெல்’, ‘எடிட்’, ‘கமாண்ட்’.

4. எதையும் தொடுவதற்கு முன், ‘கமாண்ட்’ மேல் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

5. வலப்பக்கம் ‘டீஃபால்ட்’ மேல் டபுள் கிளிக். உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, காப்பி செய்த முகவரியை பேஸ்ட் செய்து, ஓர் இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்:

"%1"

நீங்கள் கிளிக் செய்த ஃபைலின் பெயர் இந்த %1 இருக்கும் இடத்தில்தான் வந்து உட்காரும். மேற்கோள் குறி முக்கியம். முதல் தடவை நான் அதை விட்டுவிட்டேன். பெயரில் இடைவெளி இல்லாத படங்கள் ஒழுங்காகத் திறந்தன. இடைவெளி உள்ள ஒரு படத்தைக் கொடுத்ததும், ஒவ்வொரு சொல்லையும் தனி ஃபைல் என்று நினைத்து ஜிம்ப் தேட ஆரம்பித்துவிட்டது. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்று!

ஓகே கொடுத்து மூடுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. இப்போது பெயரில் இடைவெளி உள்ள ஒரு படத்தையே எடுத்து ‘எடிட்’ கொடுத்துப் பாருங்கள். சரியாக வரவில்லையா? நான்காவது படியில் எடுத்த நகலை டபுள் கிளிக் செய்து ‘யெஸ்’ கொடுத்தால் பெயிண்ட் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.