பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா: குமரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்கள் கழற்றிவிடும், கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர்கள் இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன. கல்யாண ஸ்டுடியோவில் உழைத்துத் தேய்ந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்), திருவனந்தபுரத்திலிருந்து கைமாறி வரும் லென்ஸ், வளைகுடாவிலிருந்து ஆசையாக வாங்கி வந்து பீரோவிலேயே பத்து வருடம் கிடந்த கிட் (பாடியும் லென்ஸும் சேர்ந்த தொகுப்பு) என்று எல்லாம் விலைக்கு வருகின்றன. வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மெகாபிக்சல்?" அடுத்தது "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?", அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது. நம் மாவட்டத்தில் இவை இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த லென்ஸ் இவ்வளவு நாள் எங்கே, எப்படி இருந்தது? ஆனி ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கரை நெடுக உப்புக்காற்று. இந்த ஊரில் கேமராவைக் கொல்வது வயதை விட ஈரம்தான்.

டார்ச் அடிக்காமல் லென்ஸ் வாங்குவது

பகல் வெளிச்சத்தில் முன்கண்ணாடியைப் பார்த்துவிட்டு "கீறலே இல்லை" என்று பணத்தை எண்ணிக் கொடுப்பதுதான் பெரிய தவறு. முன்கண்ணாடியில் இருக்கும் சின்னக் கீறல் பெரும்பாலும் படத்தில் தெரியவே தெரியாது. உள்ளே இருப்பதுதான் வம்பு.

செய்ய வேண்டியது இது. லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள் (வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கி விரிப்பவை) முழுக்க விரிந்திருக்க வேண்டும். கேனன் இஎஃப் லென்ஸ் கழற்றிய நிலையில் பொதுவாக விரிந்தே இருக்கும். நிக்கானில் அப்பெர்ச்சர் வளையம் இல்லாத 'ஜி' லென்ஸ் கழற்றியதும் சுருங்கிக்கொள்ளும். பின்பக்கத்துச் சின்ன நெம்புகோலை விரல் நுனியால் மெதுவாகத் தள்ளிப் பிடித்தால் விரியும். இப்போது போன் டார்ச்சைப் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். நேராகப் பிடித்தால் கண் கூசுமே தவிர ஒன்றும் தெரியாது. சாய்த்துத் திருப்பத் திருப்பத்தான் ஒவ்வொரு கண்ணாடியும் தன் கதையைச் சொல்லும்.

புள்ளி புள்ளியாகத் தெரிவது தூசி. பழைய லென்ஸ் எதிலும் இருக்கும், விட்டுவிடலாம். ஓரத்திலிருந்து உள்நோக்கி, எட்டுக்கால் பூச்சி வலை மாதிரியோ சல்லிவேர் மாதிரியோ கிளை விட்டுப் போனால் அது பூஞ்சை. மூச்சு விட்ட கண்ணாடி போல முழுக்க மங்கலாக இருந்தால் உள்ளே படலம் படிந்திருக்கிறது. இதழ்களில் எண்ணெய் பளபளத்தால் அவை சுருங்குவதில் தாமதம் வரும். எஃப்8-இல் (அப்பெர்ச்சரைச் சுருக்கிய ஓர் அளவு) எடுத்த படம் ஒருமுறை சரியாகவும் ஒருமுறை வெளுத்தும் வருவது இதனால்தான்.

"ஓரத்தில் கொஞ்சம்தான், படத்தில் தெரியாது" என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்போது தெரியாது. நாமோ கன்னியாகுமரியில் சூரிய உதயத்தை எதிரே வைத்து எடுக்கிறவர்கள். எதிர்வெளிச்சத்தில் அந்தக் கொஞ்சமே வெளிச்சத்தைச் சிதறடித்து, கருக்க வேண்டிய பாறையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிக்கும். பிரித்துத் துடைத்தாலும் தடம் மிஞ்சும். 18-55 போன்ற கிட் லென்ஸுக்குப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலியே இன்னொரு லென்ஸின் விலைக்கு வந்துவிடலாம். அதனால் பூஞ்சை கண்டால் பேரம் பேசாமல் கையை எடுத்துவிடுங்கள்.

பாடிக்குப் பொருந்தாத லென்ஸ்

நிக்கானில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டி40, டி60, டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அவற்றில் மலிவாகக் கிடைக்கிறது என்று 50 மி.மீ. எஃப்1.8 'டி' லென்ஸை மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. கையால்தான் திருப்ப வேண்டும். அந்த பாடிகளுக்கு 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதிய லென்ஸ் வேண்டும். டி80, டி90, டி7000, டி200, டி300 ஆகியவற்றில் மோட்டார் உண்டு. சந்தேகம் வந்தால் பாடியில் லென்ஸ் மாட்டும் மவுண்ட் வளையத்தைப் பாருங்கள்: திருப்புளி முனை மாதிரி ஒரு சின்னத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கண்ணியும் உண்டு. புதிய 'ஏஎஃப்-பி' லென்ஸ்கள் டி90, டி3100, டி3200, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. கையால் திருப்பினாலும் ஆகாது, ஏனென்றால் அந்த வளையமே மின்சாரத்தில் இயங்குவது. லென்ஸ் பழுது என்று திட்டிக்கொண்டே திருப்பி விற்கிறவர்கள் உண்டு; பழுது ஒன்றுமில்லை, ஜோடிதான் தப்பு.

அப்பெர்ச்சர் வளையம் உள்ள நிக்கான் லென்ஸை டிஜிட்டல் பாடியில் மாட்டியதும் திரையில் 'எஃப்ஈஈ' என்று மின்னினால் பதற வேண்டாம். வளையத்தைக் கடைசி எண்ணுக்கு, பொதுவாக ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் 16 அல்லது 22-க்குத் திருப்பிப் பூட்டினால் போதும்.

கேனனில் இந்தக் குழப்பம் குறைவு. 1987-இல் வந்த இஎஃப் மவுண்ட் லென்ஸ்கள் எல்லா இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் ஆட்டோ ஃபோகஸ் ஆகும். வெள்ளைச் சதுரக் குறி போட்ட இஎஃப்-எஸ் லென்ஸ் மட்டும் 5டி, 6டி போன்ற முழுச் சட்டக (பெரிய சென்சார்) பாடிகளில் ஏறாது. ஃபிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் சில, மவுண்ட் பொருந்தினாலும் டிஜிட்டல் பாடியில் 'எர்ரர்' காட்டி நின்றுவிடும். கேனன் 17-85 லென்ஸில் உள்ளே போகும் பட்டை வயர் மடிந்து மடிந்து அறுந்துபோவது எல்லோருக்கும் தெரிந்த நோய். முழுக்கத் திறந்த அப்பெர்ச்சரில் படம் ஒழுங்காக விழும். எஃப்8 வைத்ததும் 'எர்ரர்'. ஆகவே எந்த ஜூம் லென்ஸானாலும் அகலக் கோடி, நடு, நீளக் கோடி மூன்றிலும் எஃப்8 வைத்து தலா நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஷட்டர் கவுண்டை மட்டும் நம்புவது

படத்தின் கோப்பு எண் ஷட்டர் கவுண்ட் ஆகாது. அது 9999 தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நிக்கானில் அன்றைக்கு எடுத்த ஒரு ஜேபெக் கோப்பிலேயே உண்மையான எண்ணிக்கை பதிந்திருக்கும். கேனனின் பல மாடல்களில் யூஎஸ்பி வயர் மாட்டித் தனி மென்பொருளால்தான் பார்க்க முடியும். டி90-க்கு ஒரு லட்சம், டி7000, 7டி போன்றவற்றுக்கு ஒன்றரை லட்சம் என்பது நிறுவனம் சோதித்துச் சொன்ன அளவு. ஒரு லட்சத்தோடு செத்துப்போகும் என்று அர்த்தமில்லை. அந்த எண்ணை விட ஒரு சோதனை மேல்: வெள்ளைச் சுவரையோ வானத்தையோ 1/4000 நொடியில் பத்து படம் எடுங்கள். படத்தின் ஒரு ஓரம் கருத்தோ பட்டையாகவோ வந்தால் ஷட்டர் திரைகள் தளர்ந்துவிட்டன.

ஃபிளாஷ் மாட்டும் இடத்துப் பித்தளை தெரியுமளவு தேய்ந்திருந்தால் அது கல்யாணம் நிறையப் பார்த்த கேமரா. கெட்டதென்று இல்லை, விலையில் அது தெரிய வேண்டும்.

கூடவே பழைய ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் இலவசமாக வந்தால் அப்படியே மாட்டிவிடாதீர்கள். அவற்றில் சில, தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். பழைய கேனன் பாடி சிலவற்றுக்குப் பாதுகாப்பான அளவு 6 வோல்ட்தான். ஃபிளாஷை ஆன் செய்து சார்ஜ் ஏறிய பிறகு, அடியில் உள்ள நடு முனைக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பார்த்தால் தெரிந்துவிடும். எலக்ட்ரீஷியன் யாரிடமும் மீட்டர் இருக்கும்.

மெமரி கார்டிலும் வயது வித்தியாசம் உண்டு. 450டி, டி40 போன்றவை எஸ்டிஹெச்சி வரைதான், அதாவது 32 ஜிபி. 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு "கேமரா கார்டை எடுக்கவில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

பையிலேயே வைத்து பீரோவைப் பூட்டுவது

பஞ்சு வைத்த கேமரா பை தூக்கிக்கொண்டு போகத்தான், குடிவைக்க அல்ல. பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்; இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? தோல் உறை அதை விட மோசம். பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் உண்டு, தடுக்க முடியாது. அதை முளைக்கவிடுவது ஈரப்பதம். 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் ஆபத்து. நம் ஊரில் மழைமாதங்களில் வீட்டுக்குள்ளேயே 80 சாதாரணம்.

டிரை கேபினெட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) வாங்க முடியுமென்றால் நல்லது. இல்லாவிட்டால் பாத்திரக் கடையில் கிடைக்கும், மூடியில் ரப்பர் வளையம் உள்ள 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். அதில் 200 முதல் 250 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டிப் போட்டு, ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானியையும் உள்ளே வையுங்கள். 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே இறங்கினால் ஒன்றிரண்டு கைப்பிடி ஜெல்லை எடுத்துவிடுங்கள். அதிகம் காய்ந்தால் உள்ளே இருக்கும் மசகும் ரப்பரும் கெடும்.

இதில் செய்கிற தவறுகள் மூன்று. முதலாவது, சிலிக்காவுக்குப் பதில் அரிசி போடுவது. அரிசி ஈரத்தை உறிஞ்சும் வேகம் குறைவு, தவிட்டுத் தூளோ லென்ஸ் வளையத்துக்குள் போகும். இரண்டாவது, பாச்சா உருண்டை. அதன் ஆவி கண்ணாடியில் படியும், சில பிளாஸ்டிக்கை இளக்கும். மூன்றாவதுதான் பலர் அறியாமல் செய்வது: நீலமாக இருந்த ஜெல் இளஞ்சிவப்பானதும் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவது. வெயில் போதாது. 120 டிகிரி சூட்டில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால்தான் நீலம் திரும்பும். அடுப்பில் இரும்புச் சட்டியிலும் மெல்லிய தீயில் கிளறி வறுக்கலாம். ஆனால் நீல நிறம் கோபால்ட் உப்பு, அந்தச் சட்டியில் மறுபடி சமைக்கக் கூடாது, ஜன்னலும் திறந்திருக்கட்டும். வறுத்ததைத் திறந்து ஆறவைத்தால் ஆறுவதற்குள் அறையின் ஈரத்தைக் குடித்துவிடும். மூடிய கண்ணாடி ஜாடியில் ஆறவிட்டு, பிறகு டப்பாவுக்குள் போடுங்கள்.

கேமராவை டப்பாவிலேயே மறந்துவிடுவதும் நல்லதல்ல. மாதம் ஒருமுறை எடுத்து, ஜூமையும் ஃபோகஸையும் கோடிக்குக் கோடி திருப்பி, இருபது படம் எடுத்துவிட்டு வையுங்கள். நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வெளியே கழற்றி வையுங்கள். வீங்கிய பேட்டரி உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே எடுக்க பாடியையே பிரிக்க வேண்டி வரும்.

கடற்கரையில்

முட்டத்திலும் சங்குத்துறையிலும் காற்று சும்மா இருக்காது. கண்ணுக்குத் தெரியாத மணலும் உப்புநீர்த் துளியும் அதில் கலந்தே வரும். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். எந்த லென்ஸ் வேண்டுமென்று வீட்டிலேயே முடிவு செய்து மாட்டிக்கொண்டு போங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காருக்குள், கேமராவை ஆஃப் செய்து, லென்ஸ் மாட்டும் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். வேறெங்கும் யூவி ஃபில்டர் தேவையா என்று வாதாடலாம், கடலோரத்தில் வாதாட வேண்டாம், மாட்டிவிடுங்கள். நிக்கானின் பழைய 18-55-க்கு 52 மி.மீ., கேனன் 18-55-க்கு 58 மி.மீ.

கண்ணாடியில் திட்டுத் தெரிந்ததும் துண்டின் நுனியாலோ சட்டையாலோ துடைப்பது கையோடு வந்த பழக்கம். அந்தத் திட்டில் ஒரு மணல் இருந்தால் பூச்சில் கோடு விழும். முதலில் ரப்பர் புளோயரால் ஊத வேண்டும், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில்தான் லென்ஸ் திரவம். அதையும் துணியில் ஒரு சொட்டு விட்டுத் துடைக்க வேண்டும், கண்ணாடி மேல் நேராக ஊற்றக் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியையும் லென்ஸ் குழலையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்த பிறகே டப்பாவுக்குள் வையுங்கள். உப்பு காய்ந்து தங்கினால் திருகுகள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ இறங்கிய உடனே கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும். வெளியே துடைக்கலாம், உள்ளே வியர்த்ததை என்ன செய்ய? பையை மூடியபடி இருபது முப்பது நிமிடம் வெளிக்காற்றில் விட்டு, பிறகு திறவுங்கள்.

உதயம் எடுக்கும்போது ஒன்று மிக முக்கியம். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் கண்ணாடி வழியே நேராகப் பார்ப்பது. 200, 300 மி.மீ. லென்ஸில் மேலேறிவிட்ட சூரியனை அதில் பார்ப்பது பூதக்கண்ணாடியால் கண்ணைச் சுடுவதற்குச் சமம். அடிவானத்தை விட்டு எழும்பிச் சுள்ளென்று ஆனதும் கண்ணை எடுத்துவிடுங்கள்.

பழைய சென்சாரைப் புதியது போல நடத்துவது

வள்ளுவர் சிலைக்குப் பின்னால் வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதற்குப் பயந்து முழுக்க இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு நிழலைத் தூக்கலாம் என்றால் 550டி, 600டி காலத்துக் கேனன் சென்சார்களில் கோடு கோடாக இரைச்சல் (படத்தில் தேவையற்ற சிதறல்) எழும். ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு), வெளிச்சத்தை ஒவ்வொரு ஸ்டாப் (இரட்டிப்பு அல்லது பாதி ஆகும் ஒரு படி) கூட்டிக் குறைத்து மூன்று படம் எடுப்பதே வழி. டி3100 வரிசையில் தானாக மூன்று எடுக்கும் பிராக்கெட்டிங் வசதி கிடையாது, கையால் மாற்றுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையின் மர அறைகள் மாதிரி இருட்டில், ஐஎஸ்ஓவுக்கு (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) பயந்து 400-இல் மங்கலாக எடுத்துப் பிறகு வெளுப்பாக்குவதை விட 1600-இல் சரியான வெளிச்சத்தில் எடுத்தால் இரைச்சல் குறைவாகவே இருக்கும். அங்கே 50 மி.மீ. லென்ஸும் உதவாது: சின்னச் சென்சாரில் அது 75, 80 மி.மீ. போல நெருக்கும், பின்னால் நகரச் சுவர் விடாது. சாதாரண 18-55 போதும்.

திற்பரப்பு அருவியைப் பாலாக எடுக்க எஃப்22 வரை சுருக்கினால் படம் முழுக்கக் கூர்மை இழக்கும். எஃப்11, ஐஎஸ்ஓ 100, ஒரு போலரைசர் ஃபில்டர், ஸ்டாண்ட், 1/4 நொடி. ஸ்டாண்டில் வைத்ததும் லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அப்படி எடுத்த படத்தின் வானத்தில் ஒரே இடத்தில் மங்கிய புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் அது சென்சார் தூசி. வியூஃபைண்டரில் மட்டும் தெரியும் தூசி படத்தில் வராது. அதைத் துடைக்கிறேன் என்று உள்ளே இருக்கும் கண்ணாடியில் துணி வைத்துவிடாதீர்கள். அதன் பிரதிபலிக்கும் பூச்சு முன்பக்கம் இருக்கிறது, ஒரு இழுப்பில் போய்விடும்.