பழியெல்லாம் மூடுபனிக்கு: மலை வீட்டில் டிஷ் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கொடைக்கானலிலோ பூம்பாறையிலோ டிவியில் படம் உறைந்து நின்றால் உடனே வரும் பேச்சு, "மூட்டம் இறங்கிருச்சுல்ல, அதான் வரல." உண்மையில் மூடுபனி டிடிஎச் சிக்னலை ஒன்றும் பெரிதாகச் செய்துவிடாது. சிக்னல் வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பனியின் பொடித்துளிகள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கனமழைத் துளி அப்படியல்ல, உறிஞ்சும், சிதறடிக்கும். ஐப்பசி மழை கொட்டும்போது படம் போனால் காத்திருங்கள், மழை தணிந்ததும் வந்துவிடும். வெறும் மூட்டத்துக்கே போகிறதென்றால் சிக்னல் முன்பே நலிந்து கிடக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. பழைய ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளி கூடும். டிஜிட்டலில் செட்டாப் பெட்டியே பிழைகளைக் கடைசிவரை திருத்திக்கொண்டிருக்கும். அது முடியாமல் போகும் நொடியில் பளிச்சென்று இருந்த படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஆகவே செட்டாப் பாக்ஸ் மெனுவை அவ்வப்போது பாருங்கள். அங்கே ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் நிறைய இருக்கிறதே என்று பெட்டியைக் குறைசொல்பவர்கள் அதிகம். அந்தக் கோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் அளக்கிறது, வானத்தை எப்படியோ பார்த்துக்கொண்டிருக்கும் டிஷ்ஷுக்கும் ஏறும். குவாலிட்டிதான் கணக்கு.

அடுத்தது, எதிர்மலை மறைக்குமென்று பயந்து டிஷ்ஷை வீட்டின் உச்சியில் கொண்டுபோய் வைப்பது. டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. கொடைக்கானலில் இருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்தில். அவ்வளவு உயரத்தில் பெரும்பாலும் எந்த மலையும் குறுக்கே வராது, மரம்தான் வரும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வீடுகளில் இருக்கும் டிஷ்ஷின் தட்டு எங்கே பார்க்கிறதோ, அதைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்திலிருந்துதான் சிக்னல் இறங்குகிறது. தட்டுக்கு நேர் எதிரே வெட்டவெளி, ஆனால் தலைக்கு மேலே தைலமரக் கிளை! வைத்த வருடம் இல்லாத கிளை இந்த வருடம் வந்திருக்கும், நனைந்த இலை இன்னும் மோசம். (மலைமேல் இருப்பதால் செயற்கைக்கோளுக்குப் பக்கம், சிக்னல் கூடும் என்பாரும் உண்டு. 36,000 கிலோமீட்டரில் நம் மலை மிச்சப்படுத்துவது இரண்டு.)

தகரக் கூரையில் டிஷ் மாட்டவே வேண்டாம். காற்றுக்குத் தகரம் அதிரும், குரங்கு ஏறி உட்காரும். ஓரிரு டிகிரி விலகினாலே படம் போய்விடும். சுவரிலோ கான்கிரீட்டிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள்.

என்னைக் கேட்டால் மலையில் முதல் குற்றவாளி கேபிள்தான். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்து சிக்னலை வாங்கும் எல்என்பியில் கேபிளைத் திருகிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். வருடத்தில் பாதி நாள் ஈரம் நிற்கும் ஊரில் அந்த முனை பச்சை பூத்துப்போகும். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். அறுந்த கேபிளை முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டுவது வேலைக்கு ஆகாது, முழு நீளத்தையும் மாற்றுங்கள்.

கேபிள் கெட்டதை இப்படியும் கண்டுபிடிக்கலாம். பெட்டி அதே கேபிள் வழியாக எல்என்பிக்கு மின்சாரம் அனுப்புகிறது: செங்குத்து அலைகளுக்கு 13 வோல்ட், கிடைமட்ட அலைகளுக்கு 18 வோல்ட். அரித்த கேபிளில் 18 வோல்ட் வழியிலேயே குறைந்துவிட்டால், இருவகை அலைகளையும் பயன்படுத்தும் சேவையில் ஒரு பகுதி சேனல்கள் மட்டும் காணாமல் போகும். சந்தா தீர்ந்ததென்று நினைத்துப் பணம் கட்டுமுன் முனையைக் கழற்றிப் பாருங்கள்.

இடி இடிக்கும் என்று தெரிந்தால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காதீர்கள். பிளக்கையும் பெட்டியின் பின்னால் இருக்கும் கேபிளையும் மழை தொடங்குமுன்பே கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகென்றால் கேபிளில் கை வைக்கக் கூடாது.