ஐ.சி நம்பரைச் சாவியாக்காதீர்கள்: டேட்டாபேஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு

போன சனிக்கிழமை கல்முனையில் என் கடைக்குக் கம்பஸ் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். இரண்டாம் வருடம், டேட்டாபேஸ் பாடத்துக்குக் குழு புரொஜெக்ட். லெப்டொப்பைத் திறந்து முதல் டேபிளைக் காட்டியதுமே எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. வந்தாறுமூலையில் படித்த காலத்தில் நான் போட்ட அதே டேபிள், அதே பிழை: அடையாள அட்டை (ஐ.சி) இலக்கம்தான் சாவி.

டிலீட் அடிக்கும்போது எந்தப் பதிவு என்று சொல்லும் 'வெயார்' மறப்பது, அரைப்புள்ளி விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை அன்றைக்கே அடிக்கும், அன்றைக்கே புத்தி வரும். நான் சொல்ல வருவது இரண்டு மூன்று போகம் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு கடிப்பவற்றை.

அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக்குவது

"ஏன் இதைச் சாவியாக்கினீங்க?" என்று கேட்டேன். "ஒவ்வொரு ஆளுக்கும் வேற வேறதானே அண்ணா" என்றாள் ஒரு தங்கச்சி. வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், நானும் அதைத்தான் சொன்னேன். முதன்மைச் சாவி என்பது டேபிளின் ஒவ்வொரு நிரையையும் (கிடை வரிசை) அடையாளம் காட்டும் நிரல் (நெடு வரிசை). அது ஆளுக்கு ஆள் வேறுபட்டால் மட்டும் போதாது, ஒரே ஆளுக்கு மாறாமலும் இருக்க வேண்டும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

படிப்பு முடிந்த கையோடு அம்பாறைப் பக்கம் ஒரு விவசாயச் சங்கத்துக்கு சிஸ்டம் செய்து கொடுத்தேன். உறுப்பினர் பதிவு, உரக்கடன், அறுவடைக்குப் பிறகு வரவு. உறுப்பினர் டேபிளில் ஐ.சி நம்பர்தான் சாவி. கடன் யாருடையது என்று காட்ட, கடன் டேபிள் அதையே அந்நியச் சாவியாகப் பிடித்திருந்தது. அந்தக் காலத்து நம்பர் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். சரியாகப் பத்து எழுத்துக்கு இடம் விட்டேன், சிக்கனக்காரன்.

2016இல் 12 இலக்கப் புது நம்பர் வந்தது. பழைய அட்டையும் செல்லும், ஆனால் தொலைத்துவிட்டுப் புதிதாக எடுப்பவர் கைக்கு வருவது 12 இலக்கம். சங்கத்திலிருந்து போன் வந்தது: நம்பர் முழுசா ஏறுதில்ல. போய் நிரலின் அகலத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததென்று பஸ் ஏறினேன். இப்போது நினைத்தாலும் என்மேல் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஒரு விவசாயி புது அட்டையோடு வந்திருக்கிறார். கணக்குப் பார்க்கும் தம்பி அவருடைய நம்பரை மாற்றப் பார்த்திருக்கிறான். கடன் டேபிளின் நிரைகள் பழைய நம்பரில் தொங்குவதால் சிஸ்டம் விடவில்லை. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், அவன் என்ன செய்வான்? புது உறுப்பினராகப் பதிந்துவிட்டான். பழைய நம்பரில் கடன் அப்படியே இருக்க, புது நம்பரில் கடனே இல்லாத புது மனிதர். அவருக்கு மறுபடியும் உரம். அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் இதே வழி.

பெரும்போகக் கூட்டத்தில் பட்டியலை வாசித்தபோதுதான் விடயம் வெளியே வந்தது. ஒரு பெரியவர் எழும்பி, "நான் ஒராள்தானே மனே, எப்பிடி ரெண்டு பேராப் போனேன்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பிறகு ரசீதுப் புத்தகங்களை விரித்து வைத்து, மூன்று இரவு, ஒவ்வொரு ஆளாகச் சேர்த்தேன். பெயரை வைத்துச் சேர்க்கலாம் என்றால், ஒரு பதிவில் முதலெழுத்து ஒன்று, மற்றதில் இரண்டு.

செய்ய வேண்டியது இது. தானாக ஏறும் ஓர் எண்ணை உறுப்பினர் இலக்கமாக வைத்து அதைச் சாவியாக்குங்கள். ஐ.சி நம்பர் சாதாரண நிரலாக இருக்கட்டும், அதற்கு, ஒரே நம்பரை இருமுறை ஏறவிடாத 'யுனிக்' கட்டுப்பாடு போடுங்கள். அது மட்டும் போட்டாலும் காணாது. பழைய நம்பரும் புது நம்பரும் கொம்பியூட்டருக்கு இரண்டு வேறு சொற்கள். ஆகவே பதிவதற்கு முன்பே பழையதைப் புது வடிவத்துக்கு மாற்றுங்கள்: முன்னால் 19, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0, கடைசி எழுத்தை வெட்டுங்கள்.

சாவி மாறினால் அதைப் பிடித்திருக்கும் டேபிள்களிலும் தானாக மாற்றும் 'ஒன் அப்டேட் கஸ்கேட்' போட்டிருந்தால் தப்பியிருக்கலாமே என்று யாராவது கேட்பீர்கள். டேபிள்கள் தப்பியிருக்கும். நம்பர் எழுதிய ரசீதும், செயலாளர் எக்செலில் தனியாக வைத்திருந்த பட்டியலும் கஸ்கேட் ஆகாது.

இன்னொன்று. ஐ.சி நம்பரிலிருந்து பிறந்த திகதி எடுக்க எல்லோருக்கும் ஆசை. பிறந்தது வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற எண் அதில் இருக்கும். பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும் என்பது தெரிந்திருக்கும். பெப்ரவரிக்கு எந்த வருடமும் 29 நாள் என்றே கணக்கு, மார்ச் 1 எப்போதும் 61. இதை விட்டவர்களின் புரோகிராமில் பாதி ஊருக்குப் பிறந்தநாள் ஒரு நாள் பிந்தி வரும்.

'நல்' என்றால் பூச்சியம் என்று நினைப்பது

வந்த மூவரும் தங்கள் புரொஜெக்டில் கடன் எடுக்காதவர்களைத் தேட 'நொட் இன்' (இந்தப் பட்டியலில் இல்லாதவர்) எழுதினார்கள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' கிடந்தது. விடை: ஒருவருமில்லை. 'நல்' என்றால் 'தெரியாது'. தெரியாத ஒன்றுக்கு இவர் சமமா, இல்லையா? அதுவும் தெரியாது. ஆகவே எந்த நிரையும் தேறாது. பிழைச்செய்தியும் வராது, அதுதான் வில்லங்கம். பொருந்தும் நிரை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் 'நொட் எக்சிஸ்ட்ஸ்' எழுதிப் பழகுங்கள்.

போன் இலக்கத்தை எண்ணாக வைப்பது

065 என்பது 65 ஆகிவிடும்.

தமிழைக் கடைசியில் சோதிப்பது

மை எஸ்.கியூ.எல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 8.0க்கு முந்திய பதிப்புகளில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எழுத்துத் தொகுதி லத்தீன்1, தமிழ் எழுத்தே இல்லாதது. தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக விழலாம், விழுந்தது திரும்பாது. முதல் நாளே ஒரு தமிழ்ப் பெயரை ஏற்றி எடுத்துப் பாருங்கள். பழைய பட்டியல் யாராவது தந்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததா என்று கேளுங்கள். அந்த எழுத்துருவில் மட்டும்தான் அது தமிழ், டேபிளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது.

நோமலைசேஷனைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பது

நோமலைசேஷன் என்றால் ஒரே விடயம் பல இடத்தில் கிடக்காதபடி டேபிள்களைப் பிரிப்பது. டேபிள் வழி டேட்டாபேஸுக்கு அடித்தளம் போட்ட கொட் 1970இல் எழுதியது, நோமலைசேஷனின் ஒரு படியான மூன்றாம் இயல்பு வடிவத்தின் வரைவிலக்கணம், எல்லாம் மனப்பாடம். டேபிளில் உரம்1, உரம்2, உரம்3 என்று மூன்று நிரல். நாலாவது உரம் எடுத்தவர் எங்கே போவார்?

படத்தைக் கடைசி இரவில் வரைவது

பீற்றர் சென் 1976இல் ஈ.ஆர் மாதிரியை, அதாவது எந்தெந்தப் பொருள், அவற்றுக்குள் என்ன தொடர்பு என்று படமாக வரையும் முறையை, தந்தது டேபிள் போடுவதற்கு முன் யோசிக்க. நம் பிள்ளைகள் டேபிளைப் பார்த்துப் படம் வரைகிறார்கள். வந்த மூவரும் அப்படித்தான். பின்னேரம் வரை இருந்து சாவியை மாற்றினார்கள், கடன் டேபிளையும் திருத்தினார்கள். மஃரிப் தொழுகைக்கு முன் தங்கச்சியைக் கூட்டிப்போக வாப்பா மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். திங்கட்கிழமை வைவாவாம். படத்தில் இன்னும் ஐ.சி நம்பருக்குக் கீழேதான் சாவியைக் காட்டும் கோடு.